வேலியோரப் பூக்கள்: உணவாக, மருந்தாக, சூழலின் காவலாக

பூ என்றதும் தமிழர் மனத்தில் முதலில் தோன்றுபவை மாலையும் கூந்தலும் கோயிலும்தாம். ஆனால் நம் முன்னோர் அத்துடன் நின்றுவிடவில்லை. தாம் வாழ்ந்த நிலத்தையே பூவின் பெயரால் பகுத்தார்கள். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி, காடு முல்லை, வயல் மருதம், கடற்கரை நெய்தல் என்று, ஒரு பூவைச் சொன்னாலே அந்நிலத்தின் மண்ணும் மழையும் மக்களின் தொழிலும் நினைவுக்கு வரும்படி அமைத்தார்கள். கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் ஒரே இடத்தில் அடுக்கப்பட்டுள்ளன. இன்று நம் வீட்டு வேலியோரத்திலும் விடுதி வளாகத்திலும் பூத்து நிற்கும் செடிகளில் பத்துக்கேனும் தமிழ்ப் பெயர் சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்?

இக்கேள்வியை மொழிப்பற்றின் காரணமாக மட்டும் எழுப்பவில்லை. செடியின் பெயர் தெரியாமல் அதன் பயனும் தெரியாது. பெயரைத் தவறாகத் தெரிந்துகொண்டால் உணவென்று நினைத்தது நஞ்சாகவும் முடியலாம். ஆகவே மலேசிய, சிங்கப்பூர் மண்ணில் நாம் அன்றாடம் காணும் சில பூக்கும் செடிகளை எடுத்துக்கொண்டு, அவை உணவாகவும் மருந்தாகவும் சுற்றுச்சூழலின் காவலாகவும் எவ்வாறு பயன்படுகின்றன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பூக்கும் தாவரம் என்பது யாது?

விதையைச் சூலகத்துக்குள் மூடிவைத்து வளர்க்கும் தாவரங்களையே பூக்கும் தாவரங்கள் என்கிறோம். உலகில் இவற்றுள் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ரோஜாவும் மல்லிகையும் மட்டுமல்ல, நெல்லும் மூங்கிலும் தென்னையும் வாழையும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவையே. நெற்பூ காலை வேளையில் சிறிது நேரமே திறந்து மூடிக்கொள்வதால் அதைப் பூவென்று யாரும் கவனிப்பதில்லை. அந்தச் சிறு பூ கருவுறவில்லை என்றால் நம் தட்டில் சோறு இல்லை. ஆக, பூவின் முதற்பயன் உணவே. அழகெல்லாம் வண்டையும் வௌவாலையும் அழைப்பதற்கு அது போட்டுக்கொள்ளும் ஒப்பனைதான்.

தட்டில் மலரும் பூக்கள்

பூவின் விளைவான காயையும் கனியையும் உண்பது ஒருபுறம் இருக்க, பூவையே உண்ணும் வழக்கமும் நம்மிடம் உண்டு. வாழைப்பூ, முருங்கைப்பூ, அகத்திப்பூ, வேப்பம்பூ ஆகியவை நம் பாட்டிமார் அடுப்படியில் சாதாரணமாகப் புழங்கியவை. சித்திரைப் புத்தாண்டுப் பச்சடியில் வெல்லத்தோடும் மாங்காயோடும் வேப்பம்பூ சேர்கிறது. வாழைப்பூவை ஆய்வதற்குப் பொறுமை வேண்டும். ஒவ்வொரு பூவிலும் விறைப்பாக நிற்கும் 'கள்ளன்' எனப்படும் நரம்பையும், அதனருகே ஒட்டியிருக்கும் கண்ணாடி போன்ற இதழையும் களைந்துவிட்டு, நறுக்கியவுடன் மோரில் போட வேண்டும். இல்லையென்றால் காற்றுப்பட்டுக் கறுத்துவிடும். மலாய்க்காரர்களும் இதே பூவை 'ஜந்தோங் பீசாங்' என்று சொல்லி அவித்து உலாமாக உண்கிறார்கள். 'வாழையின் இதயம்' என்பது அதன் பொருள்.

சங்குப்பூவை நாம் பெரும்பாலும் பூசைக்கே பறிக்கிறோம். 'புங்கா தெலாங்' என்று மலாயில் வழங்கப்படும் இதே நீலப்பூதான் கிளந்தான் மாநிலத்து நாசி கெராபுக்கு அந்த வியக்கத்தக்க நீல நிறத்தைத் தருகிறது. மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் பெரானாக்கான் மக்களின் 'புலுட் தை தை' பலகாரத்திலும் ஆங்காங்கே நீலத் திட்டுகளாகத் தெரிவது இப்பூவின் சாறே. சங்குப்பூத் தண்ணீரில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் நீலம் ஊதாவாக மாறுவதைப் பலரும் கண்டிருக்கலாம். இப்பூவில் உள்ள அந்தோசயனின் என்னும் நிறமி, புளிப்பு கூடும்போது நிறம் மாறும் இயல்புடையது. பள்ளியில் லிட்மஸ் தாளைக் கொண்டு செய்த சோதனையை ஒரு குவளைப் பானத்திலேயே செய்து பார்த்துவிடலாம். அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் இப்பூவின் சாற்றை உணவுக்குரிய இயற்கை நிறமாக 2021இல் ஏற்றுக்கொண்டது. நம் வேலியில் படர்ந்திருந்த கொடி இவ்வாறு பன்னாட்டுச் சந்தைக்குச் சென்றுவிட்டது.

'புங்கா காந்தான்' இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. இது இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. விரியாத இளஞ்சிவப்பு மொட்டை மெல்லியதாக அரிந்து பினாங்கு அசாம் லக்சாவிலும் ரோஜாக்கிலும் நாசி உலாமிலும் சேர்ப்பார்கள். லக்சாவின் மீன் வாடையை அடக்கி மணம் கொடுப்பது இம்மொட்டுதான்.

நாம் அன்றாடம் உண்டும் பூவென்று அறியாதது கிராம்பு. ஒரு மரத்தின் விரியாத மொட்டைப் பறித்து உலர்த்தினால் அதுவே கிராம்பு. தலைப்பகுதியில் உருண்டையாக இருப்பது மூடிய இதழ்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்குத் தீவில் கிராம்பும் சாதிக்காயும் பெருமளவில் பயிரிடப்பட்டன. கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதி யூஜினால் என்னும் பொருள். இது வலியை மரத்துப்போகச் செய்யும், கிருமிகளையும் அடக்கும். பல்வலிக்குக் கிராம்பைக் கடிக்கச் சொன்ன பாட்டியின் கைவைத்தியத்துக்கு அடிப்படை இதுவே. பல் மருத்துவர்கள் யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைக்கப் பயன்படுத்துகிறார்கள். உணவும் மருந்தும் ஒரே மொட்டில் சந்திக்கும் இடம் இது.

மருந்தாகும் பூக்கள்

பூக்களின் மருத்துவப் பயனைப் பற்றிப் பேசும்போது இரண்டு தவறுகள் எளிதில் நேர்ந்துவிடுகின்றன. பாட்டி சொன்னதெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது ஒன்று. இயற்கையானது என்பதால் எதுவும் தீங்கு செய்யாது என்று நம்புவது மற்றொன்று. இரண்டுக்கும் விடை சொல்ல மூன்று செடிகள் போதும்.

முதலாவது மல்லிகை. தாய்ப்பால் கட்டிக்கொண்டு வேதனைப்படும் பெண்ணின் மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவது தென்னிந்தியாவில் நெடுநாளைய வழக்கம். குழந்தையை இழந்த தாய்க்கும் இதையே செய்வார்கள். இவ்வழக்கத்தை 1988இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு சோதித்துப் பார்த்தது. தென்னிந்தியாவில் 60 தாய்மார்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மல்லிகையும் மற்றவர்களுக்கு அக்காலத்தில் வழக்கிலிருந்த புரோமோகிரிப்டின் மாத்திரையும் கொடுத்தார்கள். பால் சுரப்புக்குக் காரணமான இயக்குநீர் இரு பிரிவினருக்கும் குறைந்தது. மாத்திரை உண்டவர்களிடம் அது கூடுதலாகக் குறைந்தது. ஆயினும் பால் வற்றுவதில் இரண்டும் ஒத்த பலனையே தந்தன. ஆராய்ந்து பாராமல் பழைய வழக்கத்தைத் தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இது சான்று.

இரண்டாவது ரோசெல். செம்பருத்தியின் உறவான இச்செடியில் நாம் பயன்படுத்துவது பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றித் தடித்துச் சிவந்து நிற்கும் புல்லிவட்டம். திரங்கானுவில் 1990களில் இது வணிகப் பயிராக வளர்ந்தது. இதன் புளிப்பான பானம் இரத்த அழுத்தத்தைக் குறைக்குமா என்பதை அமெரிக்காவில் 65 பேரிடம் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். நாளுக்கு மூன்று குவளை வீதம் ஆறு வாரம் குடித்தவர்களின் மேல் அழுத்தம் சராசரியாக 7 புள்ளி குறைந்தது. வேறு பானம் குடித்தவர்களுக்கு 1 புள்ளிதான் குறைந்தது. பயன் உண்டு, ஆனால் அளவானது. அதிலும் இச்சோதனையில் கலந்துகொண்டவர்களுக்கு இருந்தது இலேசான அழுத்தமே. மருந்து உண்பவர் மாத்திரையை நிறுத்திவிட்டு இப்பானத்தை நம்பலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மேலும் கடைகளில் விற்கும் பானத்தில் சர்க்கரையும் தாராளமாக இருக்கும்.

மூன்றாவதாகக் கூறப்போவதே மிக முக்கியமானது. நித்தியகல்யாணியை அறியாதவர் இரார். வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஆண்டு முழுதும் பூப்பதால் அப்பெயர். இடுகாட்டோரங்களிலும் வளர்வதால் சுடுகாட்டுப்பூ என்றும் சொல்வார்கள். மடகாஸ்கர் தீவிலிருந்து உலகெங்கும் பரவிய இச்செடியின் இலைக் கசாயம் நீரிழிவுக்கு நல்லது என்ற நம்பிக்கை பல நாடுகளில் இருந்தது. 1952இல் ஜமைக்காவிலிருந்து கனடா நாட்டு மருத்துவர் ஒருவருக்கு இதன் இலைகள் சில அஞ்சலில் வந்து சேர்ந்தன. அவர் அவற்றை மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த தம் சகோதரர் இராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். இலைச்சாற்றை எலிகளுக்கு வாய்வழி கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை. ஊசி வழியாகச் செலுத்தியபோதும் குறையவில்லை. ஆனால் எலிகள் இறந்தன. ஆராய்ந்தால், அவற்றின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் பெரிதும் குறைந்து, நோய்த்தொற்று ஏற்பட்டே அவை மடிந்திருந்தன.

தோல்வியாகத் தெரிந்த இம்முடிவில்தான் புதையல் இருந்தது. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய் இரத்தப் புற்றுநோய். அணுக்களைக் குறைக்கும் பொருள் அந்நோய்க்கு மருந்தாகலாம் அல்லவா? நோபிளும் வேதியியலாளர் சார்லஸ் பீரும் அப்பொருளைப் பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தார்கள். அதுவே வின்பிளாஸ்டின். இதே செடியிலிருந்து பின்னர் கிடைத்த வின்கிரிஸ்டின், பிற மருந்துகளோடு சேர்ந்து, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைப் பெருமளவு குணப்படுத்தக்கூடிய நோயாக மாற்ற உதவியது. இரண்டும் உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றுள்ளன.

இக்கதையை முழுமையாகச் சொல்லக் காரணம் உண்டு. 'நித்தியகல்யாணி புற்றுநோய்க்கு மருந்து' என்ற பாதிச் செய்தி நம் வீடுகளில் கைப்பேசி வழியாக உலவுகிறது. மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. உலர்ந்த இலை நூற்றுக்கணக்கான கிலோவைப் பதப்படுத்தினால் ஒரு கிராம் மருந்து தேறும். அதையும் நோயாளியின் உடற்பரப்பைக் கணக்கிட்டு மில்லிகிராம் அளவில் இரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். அணுக்களின் எண்ணிக்கையை அடிக்கடி சோதிக்கிறார்கள். வீட்டில் காய்ச்சும் கசாயத்தில் எவ்வளவு நச்சு இறங்கியது என்று யாராலும் அளக்க முடியாது.

நீரிழிவுக்காக இதைக் குடிப்பவர்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வு 2023இன்படி நாட்டின் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. அதாவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு. இந்தியர்களிடையே இவ்விகிதம் நாட்டுச் சராசரியைவிட அதிகம். நம் ஒவ்வொருவர் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார். கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை அலமாரியில் வைத்துவிட்டு ஆவாரம்பூத் தண்ணீரையோ நித்தியகல்யாணிக் கசாயத்தையோ குடித்துக்கொண்டிருக்கும் மாமாவோ அத்தையோ நமக்கு இருந்தால், அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு படித்த பிள்ளைகளாகிய நம்முடையது. கேலி செய்யாமல் பக்கத்தில் அமர்ந்து பேச வேண்டும். எதைக் குடிக்கிறார்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் செய்தாலே பாதி ஆபத்து விலகும்.

பெயர் தவறினால்

நித்தியகல்யாணியை மலாயில் 'கெமுந்திங் சீனா' என்பர். வெறும் 'கெமுந்திங்' என்பதோ வேறொரு செடி. அதன் கருநீலக் கனியைச் சிறுவர்கள் பறித்து உண்பார்கள். ஒரு சொல் விடுபட்டால் உண்ணும் கனி நச்சுச் செடியாகிவிடும். தமிழிலும் இந்த ஆபத்து உண்டு. அகத்தியின் கீரையையும் பூவையும் சமைத்து உண்கிறோம். சீமையகத்தி என்பது முற்றிலும் வேறு செடி. மஞ்சள் மெழுகுவர்த்திகளை நிறுத்தி வைத்தாற்போல் பூக்கும் அதன் இலை படர்தாமரைக்குப் பூசும் மேல்மருந்து. வண்டுகொல்லி என்றும் அதற்குப் பெயர். மாலை கட்டுவதற்கு நாம் பறிக்கும் அரளியின் எல்லாப் பாகத்திலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு இருக்கிறது. பூசைத் தட்டில் இருப்பதால் அது உண்ணத்தக்கதாகிவிடாது. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் கவனம் தேவை.

சூழலைக் காக்கும் பூக்கள்

உண்ணவும் ஆகாது, மருந்தும் ஆகாது என்று ஒதுக்கப்படும் பூக்களுக்கும் வேலை உண்டு. செம்பனைத் தோட்டங்களின் சாலையோரத்தில் வெளிர்மஞ்சள் நிறத்தில், நடுவே கறுத்த பொட்டோடு பூக்கும் ஒரு செடியை வரிசையாக நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காலையில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடுவதால் மலாயில் இதை 'எட்டு மணிப் பூ' என்பார்கள். தாவரவியல் பெயர் டர்னெரா சுபுலாட்டா. அழகுக்காக நட்டதென்று எண்ணுவோம். உண்மையில் அது தோட்டத்தின் காவலாளி.

செம்பனையின் ஓலையைத் தின்று அழிப்பது பைப்புழு. ஓலைத் துணுக்குகளால் பை பின்னி அதற்குள் ஒளிந்துகொள்ளும் இப்புழுவுக்கு இயற்கையில் ஒரு பகை உண்டு. சிறு குளவிகள் சில இதன் உடலில் முட்டையிட்டு, தம் குஞ்சுகளுக்கு இதையே இரையாக்குகின்றன. முதிர்ந்த குளவிக்கு வேண்டியதோ தேன். 1950களின் இறுதியிலும் 1960களிலும் தோட்டங்களில் கடுமையான பூச்சிமருந்துகளைத் தெளித்தபோது குளவிகள் முதலில் மடிந்தன. பைக்குள் இருந்த புழுக்கள் தப்பிப் பெருகின. அப்பாடத்தைக் கற்றபின்தான் குளவிகளுக்குத் தேன் தரும் செடிகளை நடும் வழக்கம் பரவியது. எட்டு மணிப் பூ நிற்கும் இடத்தில் மருந்தடிக்கும் தேவை குறைகிறது. தோட்டங்களில் மருந்துத் தோம்பைத் தோளில் சுமந்து தெளித்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்களே என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தச் சிறு பூவின் மதிப்பு புரியும்.

செம்பனையின் பூவுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆண்பூங்குலையும் பெண்பூங்குலையும் ஒரே மரத்தில் வெவ்வேறு காலத்தில் தோன்றுவதால், மகரந்தத்தை மரத்துக்கு மரம் யாரேனும் கொண்டுசேர்க்க வேண்டும். 1981க்கு முன்பு மலேசியத் தோட்டங்களில் அதைத் தொழிலாளர்கள் கையால் செய்தார்கள். மகரந்தத்தை மாவுத்தூளோடு கலந்து குலை குலையாக ஊதுவார்கள். அவ்வாண்டு ஆப்பிரிக்காவின் கெமரூன் நாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு வண்டினம் ஜொகூரின் குளுவாங் வட்டாரத்தில் முதலில் விடப்பட்டது. விரைவில் அது நாடெங்கும் பரவி, கைவேலையைத் தேவையற்றதாக்கியது, காய்ப்பும் கூடியது. நாட்டின் முக்கிய ஏற்றுமதிப் பொருளான பாமாயில் இன்றும் எறும்பளவேயான அவ்வண்டை நம்பியே இருக்கிறது.

இன்னொரு செய்தி நம் எல்லாருக்கும் பழக்கமான பத்துமலையோடு தொடர்புடையது. தைப்பூசத்தன்று இலட்சக்கணக்கானோர் கூடும் அச்சுண்ணாம்புக் குன்றின் குகைகளில் தேனுண்ணும் வௌவால்களும் வாழ்கின்றன. டுரியான் பூ மாலையில் விரிந்து விடியலுக்குள் உதிர்ந்துவிடும். இரவில் அதை நாடி வந்து மகரந்தம் சேர்ப்பவை இவ்வௌவால்களே. ஆனால் டுரியான் ஆண்டு முழுதும் பூப்பதில்லை. மற்ற மாதங்களில் அவை எதை உண்ணும்? 1976இல் ஸ்டார்ட், மார்ஷல் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை கண்டது. முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள கடலோரச் சதுப்புக் காடுகளுக்குப் பறந்து சென்று, இடைவிடாமல் பூக்கும் பெரெம்பாங் வகை மரங்களில் அவை தேன் குடித்துத் திரும்புகின்றன. கோலசிலாங்கூரில் மின்மினிகள் கூட்டமாக ஒளிரும் மரமும் இதே பெரெம்பாங்தான்.

இந்தச் சங்கிலியைக் கவனியுங்கள். கடற்கரையில் சதுப்புநிலத்தைத் தூர்த்தால் பெரெம்பாங் அழியும். பெரெம்பாங் அழிந்தால் குகையில் வௌவால் பட்டினி கிடக்கும். வௌவால் குறைந்தால் பகாங்கிலோ சிலாங்கூரிலோ டுரியான் மரம் பூத்தும் காய்க்காது நிற்கும். குறிஞ்சியும் நெய்தலும் வெவ்வேறு நிலங்கள்தாம். ஆனால் இரவில் பறக்கும் ஒரு சிற்றுயிர் அவ்விரண்டையும் இணைத்து வைத்திருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

பூக்கும் செடிகளின் பயன்களை அறிந்து வியப்பதோடு நின்றுவிட்டால் போதாது. பல்கலைக்கழகத் தமிழ் மன்றத்துக்குத் தகுந்த ஒரு பணி இதில் இருக்கிறது. விடுமுறைக்கு வீட்டுக்குச் செல்லும் ஒவ்வொருவரும் தம் வீட்டைச் சுற்றியுள்ள பூச்செடிகளைப் படமெடுத்து, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர், பயன் ஆகிய மூன்றையும் குறித்து வரலாம். தாவரவியல் பயிலும் மாணவர்கள் அவற்றின் அறிவியல் பெயரைச் சரிபார்க்கலாம். மருத்துவமும் மருந்தியலும் பயில்வோர், எது சோதித்து உறுதியானது, எது வெறும் நம்பிக்கை, எது ஆபத்து என்று வகைப்படுத்தலாம். நூறு செடிகள் சேர்ந்தாலே பயனுள்ள கையேடு ஒன்று உருவாகிவிடும். முன்னாள் மாணவர்களில் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களிடம் இருக்கும் அறிவு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. தோட்டங்கள் மூடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்ட நிலையில், அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்வதற்கு நமக்கு வாய்த்திருக்கும் காலம் நீண்டதன்று.

கபிலர் 99 பூக்களைப் பெயர் சொல்லி அழைத்தார். நாம் வாழும் இந்த மண்ணின் பூக்களை நம் மொழியில் பெயர் சொல்லி அறிந்துகொள்வோம். உண்ண வேண்டியதை உண்டு, ஒதுக்க வேண்டியதை ஒதுக்கி, வௌவாலுக்கும் குளவிக்கும் உரியதை அவற்றுக்கே விட்டுவைப்போம். அடுத்த ஆண்டு மலரில் அப்பட்டியலின் முதற்பகுதியேனும் இடம்பெற வேண்டும் என்பது என் விருப்பம்.